மலேசியாவில் காட்டு விலங்கை நேருக்கு நேர் பார்த்தவர்கள் எழுதுங்கள்: தாப்பிர், யானை, புலி

கோத்தா திங்கி, ஜொகூர்

மெர்சிங்கில் மீன் ஏற்றி ஜொகூர் பாருவுக்கு ராத்திரியில் லாரி ஓட்டுகிறவன் நான். மெர்சிங் – கோத்தா திங்கி சாலையில் போனவர்களுக்குத் தெரியும், பெரும்பகுதியில் தெருவிளக்கே கிடையாது. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை), சில இடத்தில் இரண்டு பக்கமும் காடு. யானை பார்த்திருக்கிறேன், காட்டுப்பன்றிக்குக் கணக்கே இல்லை. ஆனால் மனதை விட்டுப் போகாதது ஒரு தாயும் குட்டியுமாக வந்த தாப்பிர்தான், பன்றி போன்ற உடம்பும் நீண்ட மூக்கும் உள்ள காட்டு விலங்கு.

அப்போதுதான் மழை விட்டிருந்தது. வளைவைத் தாண்டியதும் நடுச்சாலையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முன்னால் போன லாரியிலிருந்து சிமெண்டு மூட்டை விழுந்திருக்கும் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். கிட்டே போனதும் அந்த வெள்ளைக்கு முன்னால் ஒரு கறுப்புத் தலை திரும்பியது. தாப்பிருக்குத் தலை, கழுத்து, கால் எல்லாம் கறுப்பு; நடு உடம்பிலிருந்து பின்பக்கம் வரை வெள்ளை. ஈரமான தார்ச்சாலையில் கறுப்பு கண்ணுக்கே படாது, வெள்ளை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதை விலங்கு என்று மூளை புரிந்துகொள்வதற்குள் எண்பது, தொண்ணூறில் வருகிற வண்டி மோதிவிடும்.

டபுள் சிக்னல் போட்டுவிட்டு, பெரிய விளக்கை அணைத்துவிட்டு நின்றேன். குட்டியின் மேல் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக இருந்தது. சில மாதம் போனால் அது மறைந்து தாயின் நிறம் வந்துவிடும். தாய் காட்டுப் பக்கம் போகப் பார்த்தது. அங்கே சாலையோர இரும்புத் தடுப்பு. அதன் குட்டித் தும்பிக்கை மாதிரியான மூக்கு அந்த இரும்பைத் தடவித் தடவிப் போனது. திறப்பு இருக்கிறதா என்று தேடுகிறது. குட்டி தடுப்புக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போவதும், தாய் வரவில்லை என்றதும் திரும்பி வருவதுமாக இருந்தது. தாய் கீச்சென்று விசில் அடித்தது. முந்நூறு கிலோ வரை எடை வரும் உடம்பிலிருந்து பறவை கத்துவது போன்ற மெல்லிய சத்தம்! பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்தார். நான் இறங்கிப் போய்க் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன், நல்லவேளை நின்றார். தடுப்பு முடிகிற இடம் வரை நடந்துபோய்த்தான் இரண்டும் காட்டுக்குள் இறங்கின.

ஆசியாவில் உள்ள தாப்பிர் இந்த ஓர் இனம்தான். மற்றவை தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் இருக்கின்றன. ஏறக்குறைய 13 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அப்படியென்றால் சாலையில் ஒரு பெண் தாப்பிர் அடிபட்டால் அந்த இடத்தை நிரப்ப எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காட்டை வெட்டிச் செம்பனை நட்டோம், மிச்சமிருந்ததைச் சாலை போட்டு இரண்டாக்கினோம். அது பழைய தடத்தில்தான் நடக்கிறது. நடுவே நாம் வண்டி ஓட்டுகிறோம்.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

கிரிக், பேராக்

அண்ணா, நீங்கள் இறங்கி அந்தக் காரை நிறுத்தியதற்கு நன்றி. எல்லோரும் செய்ய மாட்டார்கள்.

நான் ஆசிரியை. கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் அடிக்கடி போய் வருகிறேன். 1982இல் திறந்த சாலை. அதற்கு வடக்கே பெலூம் காடு, தெற்கே தெமெங்கோர் காடு. ஒரே காட்டை நடுவில் வகிர்ந்தது போலப் போகிறது. அங்கே யானை வெறுமனே சாலையைக் கடக்க மட்டும் வருவதில்லை. அடர்ந்த காட்டுக்குள் புல் குறைவு. சாலையோரத்தில் வெயில் விழுவதால் புல்லும் இளஞ்செடியும் கொழுகொழுவென வளர்கிறது. ஆக யானையை மேயக் கூப்பிடுவதே அந்தச் சாலைதான். ஒரு மாலை நேரம், ஒரு கொம்பன் வெள்ளைக்கோட்டை ஒட்டி நின்று புல்லைக் காலால் உதைத்து, வேரோடு பிடுங்கி, முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறிவிட்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. சில அடி தூரத்தில் லாரிகள் பறக்கின்றன. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிவிட்டது, அதுதான் ஆபத்து.

2025 மே 11 யாருக்கும் மறந்திருக்காது. அன்னையர் தினம். விடியும் முன்னே இந்தச் சாலையில் கோழி ஏற்றி வந்த லாரி ஒரு யானைக்குட்டியை மோதி, குட்டி வண்டிக்கு அடியில் சிக்கி இறந்தது. தாய் தலையை லாரியின் முகப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றது. வீடியோவை நாடே பார்த்தது. விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனதும் என் வகுப்பில் பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், லாரியை நகர்த்தினா குட்டி எழுந்திருக்கும்னு நெனச்சிச்சா?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

கிரிக் பக்கம் ஓர் இடத்தில் சாலையை மேலே தூக்கிக் கட்டி, அடியில் விலங்குகள் போக வழி விட்டிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டில் ஓடுகிற சாலைக்கு அப்படி ஒரே இடம் எப்படிப் போதும்?

காஹாங், ஜொகூர்

டீச்சர் எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது உண்மை. ஆனால் என் பக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னச் செம்பனைத் தோட்டம்தான் எனக்கு. அப்பா வேலை செய்த பெரிய தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது கிடைத்த பணத்தில் அவர் வாங்கிப் போட்டது. பழைய மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்தோம். காய்ப்புக்கு வர மூன்று வருடம் ஆகும், அதுவரை செலவு மட்டும்தான். ஒரே ராத்திரியில் யானைக் கூட்டம் வந்து இளங்கன்றை வரிசையாகப் பிடுங்கி, குருத்தை மட்டும் தின்றுவிட்டு மட்டையைப் போட்டுவிட்டுப் போனது. காலையில் போய்ப் பார்த்தபோது என் மனைவி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். யானை மேல் எனக்குக் கோபம் இல்லை. கடன் கட்டுகிறவனிடம் வந்து "காட்டைக் காப்பாற்று" என்று மட்டும் சொன்னால் எப்படி? மின்வேலிக்கு உதவி செய்யட்டும், நட்டத்துக்கு ஈடு கொடுக்கட்டும்.

கிரிக், பேராக்

நீங்கள் சொல்வது நியாயம் அண்ணா. இதை யாரும் ஒதுக்க முடியாது. தோட்டத்துக்குள் வரும் யானையைப் பிடித்து வேறு காட்டில் விடுவதை 1974 முதல் செய்து வருகிறார்கள். அப்படிப் பிடித்ததில் பல யானைகளை எங்கள் பெலூம் பக்கக் காட்டிலும்தான் விட்டிருக்கிறார்கள். அந்தக் காட்டை ஒட்டித்தான் இந்த நெடுஞ்சாலை! உங்கள் ஊர்ச் சிக்கலும் எங்கள் ஊர்ச் சிக்கலும் ஒன்றுதான். போக இடமில்லாத யானையை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

குவா மூசாங், கிளந்தான்

எல்லோரும் சாலையைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் பார்த்தது வேறு.

மீன் பிடிக்கக் காட்டாற்றுப் பக்கம் போவது என் வழக்கம், கூட ஓராங் அஸ்லி என்ற பழங்குடியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வருவார். காட்டுக்குள் அவர் கண்தான் எனக்கும் கண். ஒருமுறை முன்னால் போனவர் சட்டென்று என் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சருகுதான். குச்சியால் சருகை விலக்கிக் காட்டினார். இரும்புக் கம்பிவடம், விரல் தடிமன் கூட இல்லை, தடத்தில் வட்டமாகப் போட்டு ஒரு இளமரத்தை வளைத்துக் கட்டியிருந்தது. கால் வைத்தால் மரம் நிமிரும், சுருக்கு இறுகும், இழுக்க இழுக்க எலும்பு வரை போகும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதில் மானின் கால் மட்டும் காய்ந்து தொங்கியது, குளம்போடு. கட்டிய மரத்தைச் சுற்றி மண் வட்டமாக உழுதது போலக் கிடந்தது. எத்தனை நாள் சுற்றிச்சுற்றி இழுத்ததோ. வைத்தவன் வந்து எடுக்கவும் இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான். துப்பாக்கிக்காரன் எதைச் சுடுகிறோம் என்று பார்த்தாவது சுடுவான். கண்ணிக்கு அது கிடையாது. பன்றிக்கு வைத்ததில் தாப்பிர் மாட்டும், கரடி மாட்டும், புலி மாட்டும். கம்பியும் மலிவு, ஒரே ஆள் ஒரு நாளில் எத்தனையோ வைத்துவிட்டுப் போகலாம்.

2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் நம் காட்டில் 150க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாகத் தெரிந்தது. நாட்டுச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்கிற விலங்கு. காடு பச்சையாகத்தானே இருக்கிறது, புலி எங்கே போகும் என்று கேட்பவர்கள் உண்டு. புலி இலையையா தின்னும்? மான் குறைந்துபோனது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021இல் நாட்டுக்குள் வந்த பிறகு காட்டுப்பன்றியும் பல இடத்தில் குறைந்தது. இரை இல்லாத காட்டில் புலி எப்படிக் குட்டி வளர்க்கும்? பசித்து கிராமத்துப் பக்கம் வந்தால் அதற்கும் ஆபத்து, மனிதனுக்கும் ஆபத்து.

நண்பர் அந்தக் கண்ணிகளை உடனே அவிழ்க்கவில்லை. படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்குத் துறை) சொன்னோம். வைத்தவன் திரும்பி வந்தால் பிடிக்க வசதி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை அதிகபட்சம் பத்து லட்சம் ரிங்கிட் அபராதம், 15 வருடம் சிறை வரை போகிறது. சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது, காட்டுக்குள் கண்தான் போதவில்லை. இப்போது ஓராங் அஸ்லி மக்களையும் ஓய்வுபெற்ற ராணுவத்தினரையும் சுற்றுக்காவலுக்கு எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுவரை எடுத்த முடிவுகளில் இதுதான் சிறந்தது. காட்டைத் தெரிந்தவன்தான் கண்ணியைக் கண்டுபிடிப்பான்.

கோத்தா திங்கி, ஜொகூர்

தம்பி, அந்த மான் காலைப் படித்துவிட்டு நேற்று லாரியில் அதே நினைவாக வந்தேன்.

எங்கள் ஜொகூர் பக்கம் எண்டாவ் ரொம்பின் காட்டில் ஒரு காலத்தில் சுமத்ராக் காண்டாமிருகம் இருந்தது. தீபகற்பத்தில் அது போய்விட்டது. கடைசியாக சபாவில் பராமரிப்பில் இருந்த ஈமான் என்ற பெண் காண்டாமிருகம் 2019 நவம்பரில் இறந்ததோடு மலேசியாவிலேயே இல்லாமல் போனது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி, ஜோடி கிடைக்காமலே முடிந்த இனம். தாப்பிருக்கும் புலிக்கும் அந்த நிலை வரக்கூடாது.

காஹாங் அண்ணன் கேட்ட ஈட்டுத்தொகை, மின்வேலி பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள், அவருக்குப் பயன்படும். மற்றவர்கள் சாலையில் விலங்கைப் பார்த்தாலும், அடிபட்டுக் கிடந்தாலும், சாலையின் பெயர், பக்கத்திலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண், நேரம் மூன்றையும் போடுங்கள். தாயும் குட்டியும் கடந்த இடத்தின் கல் எண்ணை நான் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்து பெர்ஹிலித்தானுக்கும் சாலைத் துறைக்கும் அனுப்பலாம். எச்சரிக்கைப் பலகை, விளக்கு, வேகத்தடை எங்கே வேண்டும், அந்த இரும்புத் தடுப்பில் எங்கே இடைவெளி விடவேண்டும் என்று கேட்க நம்மிடம் இடம் குறித்த ஆதாரம் இருக்கும். இந்த மாதக் கடைசி வரை வருவதைத் தொகுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.