அடமான இடத்தைக் கடன்காரரே விற்கிறார், பணம் கொடுத்தவருக்கு என்ன பாதுகாப்பு?

பல்லடம் பக்கம் தறிக்குடோனோடு சேர்ந்த 12 சென்ட் இடத்தின் மேல் அப்பா 2018-ல் 15 லட்சம் கொடுத்தார். பதிவு செய்த அடமானப் பத்திரம். வில்லங்கத்தில் ஏறியிருக்கிறது, மூலப் பத்திரம் எங்கள் பீரோவில். கெடு 2021-லேயே முடிந்தது. தறி படுத்ததில் வட்டியும் நின்றது.

பெரியவர்களை வைத்துப் பேசினோம், வக்கீல் நோட்டீஸும் போனது. வங்கி மாதிரி சர்ஃபாசி சட்டத்தில் ஏலம் விடத் தனியாருக்கு வழியில்லை, கோர்ட்டில் அடமான வழக்குத்தான் என்கிறார் வக்கீல். கெடுவிலிருந்து 12 வருடம் இருப்பதால் காலாவதி பயம் இல்லை. ஆனால் அப்பாவுக்கு இப்போதே 74.

இப்போது கடன்காரரே திருப்பூர் பார்ட்டி ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறார். (மனுசன் நல்லவர்தான், தொழில்தான் கைவிட்டது.) அடமான ரசீது (கடன் தீர்ந்தது என்று அப்பா எழுதித் தருவது) பதிந்து கொடுத்தால்தான் பணம் என்கிறார் அந்தப் பார்ட்டி. ரசீது போட்ட பிறகு பணம் வராவிட்டால் எங்களுக்குப் பிடிமானமே இல்லை. ஈபி பாக்கி வேறு. ஃபியூஸைப் பிடுங்கிப் போய், மீட்டர் பெட்டியில் குளவி கூடு கட்டியிருக்கிறது. அந்தப் பாக்கியை யார் கட்டுவது என்று தனிப் பஞ்சாயத்து.

அப்பா பெயரிலேயே டிடி வாங்கிக்கொண்டு, கிரயப் பத்திரத்தில் அவரையும் ஒரு தரப்பாகச் சேர்த்து, ரசீதையும் கிரயத்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்து பதிந்து யாராவது இங்கே முடித்திருக்கிறீர்களாங்க?