சுவரோரம் நிற்கும் மாங்கன்றை இடம் மாற்றினால் பிழைக்குமா?

கேள்வி:
வணக்கம். திருமங்கலம் பக்கம் எங்கள் வீடு, கரிசல் மண். சமையலறைச் சுவரிலிருந்து 3 அடியில் ஒரு மாங்கன்று. கொட்டையிலிருந்து தானாக முளைத்தது, 3 வயதாகிறது. ஆளுயரம் தாண்டிவிட்டது, அடித்தண்டு ஒன்றரை அங்குலக் கனம். வெட்டக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். பின்னால் வேலியோரம் தாராளமாக இடம் இருக்கிறது. இந்தச் சித்திரையிலேயே மாற்றி வைக்கலாமா?

பதில் 1:
வெட்டிவிட்டு ஒட்டுக்கன்று வாங்கி வையுங்கள். கொட்டைக்கன்று காய்ப்பதற்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பதில் 2:
வெட்ட வேண்டாம் அக்கா. நான் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன், இந்தக் கனத்தில் இருக்கும் மரத்தைத் தாராளமாக மாற்றலாம். ஆனால் மாற்றியே ஆக வேண்டும். தோப்பில் மாவுக்கு 30 அடி இடைவெளி விடுகிறார்கள், உங்களுக்கு 3 அடிதான் இருக்கிறது. அதிலும் கரிசல். கோடையில் வேர் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மண் சுருங்கும், அஸ்திவாரம் இறங்கிச் சுவரில் வெடிப்பு விழும்.

சித்திரை வெயிலில் மட்டும் தொடாதீர்கள். ஆடியில் தண்டிலிருந்து முக்கால் அடி தள்ளி, பாதி வட்டத்துக்கு மட்டும் ஒன்றரை அடி ஆழம் பள்ளம் வெட்டுங்கள். குறுக்கே வரும் பக்கவேரைக் கூரான கத்தியால் நறுக்கி, மட்கிய தொழுவுரம் கலந்த மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். ஆவணியில் மறுபாதி. கொஞ்ச நாள் கழித்து அந்த மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள், வெட்டிய நுனியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகச் சல்லிவேர் ஓடியிருக்கும். மரத்தைக் காப்பாற்றப் போவது அதுதான். அவசரப்பட்டு ஒரே நாளில் பிடுங்குகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் எடுங்கள். கரிசல் காய்ந்திருந்தால் வேரோடு ஒட்டி வரும் மண்கட்டி, அதாவது தாய்மண் உடையும், சேறாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். கையில் ஒட்டாத பதத்தில் இருக்க வேண்டும். இலையில் பாதியைக் குறைத்துவிட்டு, தாய்மண்ணைச் சுற்றி ஈரச் சாக்கை இறுகக் கட்டி, ஆணிவேரைக் கடைசியாக ரம்பத்தால் அறுங்கள். கடப்பாரையால் நெம்பவே நெம்பாதீர்கள். தண்டைப் பிடித்துத் தூக்காமல் சாக்கோடு தூக்குங்கள். புதுக் குழியை முன்கூட்டியே வெட்டி வையுங்கள், பழைய மண்மட்டம் எதுவோ அதே மட்டத்தில் நட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி தம்பி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நட்ட பிறகு இலையெல்லாம் கொட்டிவிட்டால் போய்விட்டது என்று அர்த்தமா?

பதில் 2:
இல்லை அக்கா. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அடிமண்ணைச் சருகால் மூடி மூடாக்குப் போட்டு, மேற்கு வெயில் படாமல் தென்னங்கீற்று சாத்தி வையுங்கள். காற்றுக்கு ஆடினால் புதுவேர் அறுந்துபோகும், அதனால் இரண்டு பக்கமும் கம்பு நட்டுச் சணலால் தளர்வாகக் கட்டுங்கள். துளிர் வரும்வரை யூரியா மாதிரி எதுவும் போட வேண்டாம்.

பதில் 3:
நன்றாக வேர்பிடித்த பிறகு அதன் மேலேயே இமாம் பசந்த் ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம். மரமும் நிற்கும், நல்ல பழமும் கிடைக்கும்.