ஒரே பீருக்கு ரெண்டு தடவை ரெண்டு மார்க் போட்டிருக்கேன், எங்க சொதப்புறேன்?

கசப்புக்குட்டி:
வணக்கம் மக்களே. கிராஃப்ட் பீர் பக்கம் வந்து ஒரு வருஷம் இருக்கும். குடிச்சதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வரேன், பேரு, ஸ்டைல், ஆல்கஹால் எத்தனை சதவீதம், கடைசில அஞ்சுக்கு எத்தனைன்னு ஒரு மார்க். நேத்து சும்மா பழைய பக்கத்தைப் புரட்டிட்டு இருந்தப்போ பார்த்தா, ஒரே ஹெஃபெவைஸனை (ஜெர்மன் கோதுமை பீர்) ஆறு வார இடைவெளில ரெண்டு தடவை எழுதியிருக்கேன், முதல்ல எழுதினது ஞாபகமே இல்லாம. முதல் தடவை 4.25, "வாழைப்பழ வாசனை தூக்குது, கொஞ்சம் கிராம்பு, நுரை கெட்டி". ரெண்டாவது தடவை 2.75, "தண்ணியா இருக்கு, ஒண்ணும் தெரியல". ரெண்டும் ஒரே பெட்டில வந்த பாட்டில், பேக்கிங் தேதி கூட ஒண்ணுதான்.

இதைவிடக் கொடுமை, மீதி நோட்டைப் பார்த்தா பாதிக்கு மேல "ஸ்மூத்தா இருக்கு, நல்ல கசப்பு"ன்னு அதே வரி திரும்பத் திரும்ப வருது. கருப்பான ஸ்டவுட்டுக்கும் அதான் லேசான லாகருக்கும் அதான். பீர் மாறிச்சா இல்ல நான் மாறினேனா? வீட்ல உக்காந்து ஒழுங்கா டேஸ்ட் பண்ணி எழுதுறவங்க எப்படிப் பண்றீங்கன்னு சொல்லுங்க. கோர்ஸ் எல்லாம் போற ஐடியா இல்ல.

பழையபீப்பாய்:
ரெண்டாவது நாள் அதுக்கு முன்னாடி வேற என்ன குடிச்சீங்க? ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் ஊத்திட்டீங்களா? பாட்டில் அடில இருக்கிற வண்டலைக் கலக்கி ஊத்தினீங்களா? இந்த மூணுக்கும் பதில் சொல்லுங்க. பீர் மாறலன்னு பந்தயமே கட்டுறேன்.

கசப்புக்குட்டி:
நோட்டைப் பார்த்துட்டு சொல்றேன் சார். அன்னிக்கு முதல்ல ஒரு டபுள் ஐபிஏ, கசப்பும் ஆல்கஹாலும் தூக்கலா இருக்குமே அது, அப்புறம்தான் இது. ஃப்ரிட்ஜ்ல பின்பக்கம், கிட்டத்தட்ட ஐஸ் கட்டுற இடத்துல இருந்துச்சு, எடுத்தேன் ஊத்தினேன். வண்டலா? அடில ஒரு விரக்கடை கலங்கலா நின்னுச்சு, கெட்டுப்போச்சோன்னு சிங்க்ல கொட்டிட்டேன்.

பழையபீப்பாய்:
ஹாஹா, அப்போ மிச்ச 1.5 மார்க்கை சிங்க் குடிச்சிருக்கு.

ஹெஃபென்னா ஜெர்மன்ல ஈஸ்ட், வைஸன்னா கோதுமை. பேர்லயே ஈஸ்ட் இருக்கிற பீர்ல ஈஸ்ட்டை மட்டும் கீழ கொட்டிட்டு தண்ணியா இருக்குன்னா என்ன பண்றது. முக்கால்வாசிய மெதுவா ஊத்திட்டு, மீதியை பாட்டிலோட ஒரு சுழட்டு சுழட்டி அதையும் கிளாஸ்ல சேர்க்கணும், அப்போதான் அந்த மங்கலும் ரொட்டி மாவு மாதிரி ருசியும் வாயில ஒரு கனமும் வரும். எல்லா பாட்டிலுக்கும் இதே ரூல் இல்ல, பாட்டில்லயே புளிக்க வைக்கிற வேற சில ஸ்டைல்ல வண்டலை அடிலயே நிறுத்திடறதுதான் வழக்கம்.

வாழைப்பழம் காணாமப் போனதுக்குக் காரணம் வேற. வாழைப்பழத்தை யாரும் அதுல போடல, கிராம்பும் போடல, ரெண்டுமே அந்த ஈஸ்ட் புளிக்கும்போது உண்டாக்குற வாசனை. 1516ல பவேரியால போட்ட பீர் சட்டத்துல பார்லி, ஹாப்ஸ்ங்கிற கசப்புப் பூ, தண்ணின்னு மூணுதான் இருக்கும், ஈஸ்ட் பேரே இருக்காது, ஆனா பாருங்க உங்க 4.25ல பாதி அதோட வேலை. வாசனைங்கிறது ஆவியாகி மேல வந்தாத்தான் மூக்குக்கு எட்டும். ஐஸ் மாதிரி இருந்தா வராது, நாக்கும் மரத்துப்போகும். லாகர், பில்ஸ்னர் எல்லாம் 4ல இருந்து 7 டிகிரி செல்சியஸ் சரியா இருக்கும், கோதுமை பீர் இன்னும் ஒரு ரெண்டு மூணு டிகிரி ஏறலாம், கெட்டியான ஸ்டவுட்டை 10 டிகிரிக்கு மேல விட்டுப் பாருங்க, சாக்லேட்டு அப்போதான் வெளிய வரும். தெர்மாமீட்டர் எல்லாம் வேணாம், எடுத்து வெளிய வச்சுட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் வேற வேலை பாருங்க. நான் ஒரே கிளாஸை அரை மணி நேரம் வச்சுக்கிட்டு மூணு தடவை எழுதுவேன், ஊத்தினதும் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசி வாய்க்கு ஒண்ணு. மூணும் வேற வேற பீர் மாதிரி இருக்கும் சில சமயம்.

டபுள் ஐபிஏக்கு அப்புறம் குடிச்சா எதுவுமே தண்ணிதான். லேசானதுல ஆரம்பிச்சு கசப்பும் ஆல்கஹாலும் கூடுறதுக்குப் போங்க. ஒரு உக்காரலுக்கு நாலு, ஒவ்வொண்ணும் 75 மில்லி, அவ்வளவுதான், அதுக்கு மேல நீங்க எழுதுறது உங்களுக்கே மறுநாள் புரியாது.

ஹாப்ஸ்கொடி:
பீப்பாய் சார் சொன்னதோட கிளாஸையும் சேர்த்துக்கோங்க. ஊத்தின பீர்ல குமிழி கிளாஸ் சுவத்துல கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா கிளாஸ் அழுக்கு, கண்ணுக்கு பளிச்சுன்னு தெரிஞ்சாலும் அழுக்குதான். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு மிச்சமும் நுரையைக் கொன்னுடும். நனைச்ச கிளாஸ் உள்பக்கம் கொஞ்சம் உப்பு தூவிப் பாருங்க, பிசுக்கு இருக்கிற இடத்துல மட்டும் ஒட்டாது. நான் முதல் தடவை பண்ணினப்போ அடிலயும் ஓரத்துலயும் திட்டுத் திட்டா வழுக்கை விழுந்திருந்துச்சு, அதுவரைக்கும் எத்தனை பீரை "நுரை நிக்கல"ன்னு திட்டி எழுதியிருக்கேனோ.

"ஸ்மூத், நல்ல கசப்பு" பிரச்சனைக்கு வரேன். ஒரு வாய் குடிக்கும்போது மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. இனிப்பு, புளிப்பு, கசப்பு, நுரைக்கிற சுருக்குன்னு அவ்வளவுதான் தெரியும். முழுங்கிட்டு மூக்கை விட்டு மூச்சை வெளிய விடுங்க, அந்த செகண்ட்ல திடீர்னு ஆரஞ்சுத் தோலோ, வறுத்த காப்பிக்கொட்டையோ, பைன் மரமோ மேல ஏறி வரும். நாம ருசின்னு சொல்றதுல பெரும்பங்கு தொண்டைக்குப் பின்வழியா மூக்குக்குப் போற வாசனைதான். அதை எழுதுங்க, நாக்கைத் தனியா எழுதுங்க.

இன்னொண்ணு, தமிழ்லயே எழுதுங்க சகோ. நமக்கு கசப்பு வேற துவர்ப்பு வேறன்னு சின்ன வயசுலயே தெரியும், ரெண்டையும் ஒரே வார்த்தைல போட்டு நசுக்கவே மாட்டோம். ஹாப்ஸ்ல வர்றது கசப்பு, நாக்குல நின்னு பேசும். டீத்தூளை ரொம்ப நேரம் ஊற வச்சா வாய் உள்ள இழுத்துப் பிடிக்குமே அது துவர்ப்பு, தானியத்தோட உமியில இருந்து வர்ற டானின் அதிகமானா பீர்லயும் வரும். "நல்ல கசப்பு"ன்னு நீங்க எழுதினதுல பாதி துவர்ப்பா இருக்க வாய்ப்பு இருக்கு. நறுக், காரல், நெடி, புகை, ஊசல் இப்படி எவ்வளவோ வார்த்தை சும்மா கிடக்குது.

கெட்ட வாசனையும் பழகிக்கோங்க. வெண்ணெய் மாதிரி வந்தா டைஅசிட்டைல்ங்கிற பொருள், வெந்த சோளம் மாதிரி வந்தா டிஎம்எஸ்னு ஒரு கந்தகப் பொருள், பச்சை ஆப்பிள்னா இன்னும் முதிராத பீர், நனைஞ்ச அட்டைப்பெட்டின்னா பழசாகிப் போச்சு. வெயில்ல வச்ச பாட்டிலுக்கு ஸ்கங்க் (நாத்தத்தைப் பீய்ச்சுற ஒரு அமெரிக்க விலங்கு) நாத்தம்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கும், நம்மள்ல எத்தனை பேர் ஸ்கங்கை மோந்து பார்த்திருக்கோம்னு தெரியல, எனக்கு அது கருகின ரப்பர் மாதிரி அடிச்சுது. ஹாப்ஸ்ல இருக்கிற கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடையிறதால வருது, நேர் வெயில்ல சில நிமிஷமே போதும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் இதைத் தடுக்காது, பிரவுன் ஓரளவு தடுக்கும், கேன்ல அந்தக் கவலையே இல்ல.

நேர்க்கோடு:
எனக்கு அந்த அஞ்சுக்கு இத்தனைங்கிற சிஸ்டமே பிடிக்கல. அன்டாப்ட்னு பீருக்கு மார்க் போடுற ஆப் 2010ல வந்துச்சு, இப்போ அதுல எல்லாரும் கால் கால் மார்க்கா ஏத்திட்டு இருக்காங்க, 3.75க்கும் 4க்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா ஒருத்தருக்கும் பதில் இல்ல. பிஜேசிபின்னு பீர் போட்டி ஜட்ஜுங்களுக்குத் தேர்வு வைக்கிற அமைப்பு இருக்கு, அவங்க ஜட்ஜுங்க ஷீட்ல மொத்தம் 50, அதுல வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில இருக்கிற உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. அந்த 3ஐ கவனிங்க, நாம போட்டோ எடுத்துப் போடுற சமாச்சாரத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. அதுவும் அந்த ஸ்டைலுக்கு எவ்வளவு பொருந்துதுன்னுதான் பார்ப்பாங்க, எனக்குப் பிடிச்சுதாங்கிறது வேற விஷயம்.

லேபிள்ல இருக்கிற ஐபியூ நம்பரையும் (கசப்பை அளக்கிற அளவு) நம்பி எழுதாதீங்க. இம்பீரியல் ஸ்டவுட்ல 70 இருக்கும், ஐபிஏல 55 இருக்கும், குடிச்சா ஐபிஏதான் கசக்கும், ஏன்னா ஸ்டவுட்ல மால்ட்டோட, அதாவது முளைகட்டின தானியத்தோட, இனிப்பு அதை மூடிடும்.

எல்லாத்துக்கும் மேல, குடிக்கிறதுக்கு முன்னாடி அடுத்தவங்க ரிவ்யூ படிக்காதீங்க. மாம்பழம்னு ஒருத்தன் எழுதியிருந்தா உங்களுக்கும் மாம்பழம்தான் வரும். உங்க நாக்கு மேல சந்தேகம் இருந்தா முக்கோண டெஸ்ட் பண்ணுங்க. மூணு டம்ளர், ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற, எது வேறன்னு கண்டுபிடிக்கணும். ஊத்துறது வேற ஆளா இருக்கணும், கலர் தெரியாத டம்ளரா இருக்கணும். குருட்டாம்போக்குல சொன்னாலும் மூணுல ஒரு தடவை சரியா வந்துடும், அதனால ஒரு ரவுண்டோட மார் தட்டாதீங்க. ஆறு ரவுண்டுல அஞ்சு சரின்னா அதிர்ஷ்டத்துல வர்றதுக்கு நூத்துக்கு ரெண்டு கூட சான்ஸ் இல்ல.

கசப்புக்குட்டி:
மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். அதே ஹெஃபெவைஸன், தம்பி ஊத்தினான். மேல இருக்கிறதை ஒரு ஜக்குல மெதுவா, அடில இருக்கிறதைக் கலக்கி இன்னொரு ஜக்குல, ஸ்டீல் டம்ளர்ல ஒவ்வொரு வாய். ஒரு நாள் மூணு ரவுண்டு, மறுநாள் மூணு ரவுண்டு. ஆறுல அஞ்சு சரி! கோட்டை விட்டது ரெண்டாவது நாள் கடைசி ரவுண்டு, அப்போ அவன் மூஞ்சியைப் பார்த்து சொன்னேன், நாக்கைக் கேக்கல. வண்டல் உள்ளது நாக்குல லேசா மாவு தடவின மாதிரி, முழுங்கினப்புறமும் கொஞ்ச நேரம் நிக்குது. வண்டல் இல்லாதது டக்குனு வழுக்கிப் போயிடுது. நோட்டுல அப்படியேதான் எழுதியிருக்கேன், ஸ்மூத்ங்கிற வார்த்தையே இல்ல.

உப்பு டெஸ்ட்ல என் ஆறு கிளாஸ்ல நாலு ஃபெயில், அது தனிக் கதை.

ஒரே ஒரு டவுட், அந்தப் பழைய 2.75ஐ அடிச்சுடலாமா?

பழையபீப்பாய்:
அடிக்காதீங்க. பீர் பேருக்குப் பக்கத்துல ஐஸ் கட்டி, ஐபிஏக்குப் பின்னாடி, வண்டல் சிங்க்லன்னு எழுதிட்டு மார்க்கை அப்படியே விடுங்க.