அப்பாவின் மூச்சு இரவில் குறைகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். திருவையாறு பக்கம் எங்கள் ஊர். வரப்பில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வலிக்கு டிரமடால், தூக்கத்துக்கு வேறொரு மருத்துவர் எழுதிக்கொடுத்த அல்பிரசோலம். முந்தாநாள் நள்ளிரவில் குறட்டை திடீரென நின்றது. நெஞ்சில் கை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 9 மூச்சு. 12-க்குக் குறையக் கூடாதாம். உலுக்கியும் சரியாக விழிக்கவில்லை, 108-ஐ அழைத்தேன். பிழைத்துக்கொண்டார்.

ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் மூளையின் அடியிலுள்ள முகுளம்தான் அதை உணர்ந்து மூச்சை வேகப்படுத்துமாம். டிரமடால் போன்ற மருந்துகள் அந்த உணர்வை மழுங்கடிக்கின்றன. தூக்க மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் அமுங்கிவிடுகிறது. இதை முன்பே ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்றுதான் மனம் ஆறவில்லை.

இப்போது மருந்தை மாற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் வலி தாங்காமல் இரவெல்லாம் முனகுகிறார். தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் வலி நிவாரண மருத்துவர் யாரையாவது தெரியுமா? விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி பத்து நாளைக்கு இரவல் கிடைக்குமா? இப்படி ஒருவரை இரவில் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர்கள், எதையெல்லாம் கவனித்தீர்கள் என்று எழுதுங்கள். நானும் அம்மாவும் மாறி மாறி விழித்திருக்கிறோம்.