இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவுக்கு யானை எப்படிப் போனது?

நண்பர்களே, ஒரு சந்தேகம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஆசியாவோடு ஒட்டிய ஒரே நிலம். புலி பாலி வரை நடந்தே போயிருக்கும். சரி, இதுவரை புரிகிறது.

பாலிக்கு அடுத்த லோம்போக்கில் புலியே இல்லை. நடுவே உள்ள நீரிணை அவ்வளவு ஆழம், அப்போதும் வற்றவில்லை. அப்புறம் அதையும் தாண்டிய ஃபுளோரஸில் ஸ்டெகோடான் (அழிந்துபோன யானை போன்ற விலங்கு) எலும்புகள் எப்படிக் கிடைத்தன? யானை இனம் நன்றாக நீந்தும் என்பது தெரியும். ஆனால் புலியும் நீந்துமே! நீரோட்டம் காரணமா, உடல் பருமனா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். அந்தக் காலக் கரையோரத்தைக் காட்டும் வரைபடம் இருந்தால் இன்னும் நல்லது.