க்ளோசிங் காஸ்ட்டையும் வீட்டுக் கடனிலேயே சேர்க்க முடியுமா?

பிளேனோவாசி:
வணக்கம். டெக்சாஸில் பிளேனோவில் 4 லட்சம் டாலருக்கு ஒரு வீட்டைப் பேசிக்கொண்டிருக்கிறோம்; இன்னும் கையெழுத்தாகவில்லை. 10 விழுக்காடு முன்பணம் கையில் இருக்கிறது. ஆனால் வங்கி தந்த லோன் எஸ்டிமேட்டில் (கடன் மதிப்பீட்டுத் தாளில்) க்ளோசிங் காஸ்ட், அதாவது வீடு கைமாறும்போது கட்டும் கட்டணங்கள், என்று 9,000 டாலர் தனியாக நிற்கிறது. அதையும் கட்டினால் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும். அதைக் கடனோடு சேர்த்துவிட வழியுண்டா?

பழைய கடன்காரன்:
ரீஃபைனான்ஸ் (பழைய கடனை அடைக்கப் புதுக்கடன்) என்றால் சேர்க்கலாம்; வாங்கும் கடனில் நேரடியாக முடியாது. வீட்டின் விலை, அப்ரைசல் மதிப்பு (மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு) இரண்டில் எது குறைவோ அதை வைத்தே கடன் கணக்கிடப்படும். சுற்றுவழி ஒன்று உண்டு: விலையை 4,09,000 என்று எழுதி, அந்த 9,000 டாலரை விற்பவர் உங்கள் செலவுக்குத் தருவதாக ஒப்பந்தத்திலேயே குறிப்பிடலாம். கன்வென்ஷனல் கடனில் (அரசுத் திட்டம் சாராத வழக்கமான கடன்) 10 விழுக்காடு முன்பணம் போடுபவருக்கு விலையில் 6 விழுக்காடு வரை இதற்கு அனுமதி உண்டு. ஆனால் அப்ரைசல் 4 லட்சத்திலேயே நின்றால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். கடனும் 8,100 டாலர் கூடும், 6.5 விழுக்காட்டு வட்டியில் அது மாதம் 51 டாலர், 30 ஆண்டுகளில் 18,400 டாலருக்கு மேல்.

பிளேனோவாசி:
நன்றி ஐயா. விற்பவர் மறுத்தால்?

கணக்குப்பிள்ளை:
லெண்டர் கிரெடிட் கேளுங்கள். சற்றுக் கூடுதல் வட்டியை ஏற்றுக்கொண்டால் வங்கியே செலவில் ஒரு பகுதியை ஏற்கும். 3,60,000 டாலர் கடனுக்கு 6.5 விழுக்காடு 6.75 ஆனால் தவணை மாதம் ஏறக்குறைய 60 டாலர் ஏறும். அதற்கு ஈடாக 3,600 டாலர் கிடைத்தால் ஐந்து ஆண்டுகளில் கணக்கு நேராகிவிடும். அதற்குள் வீட்டை விற்கவோ ரீஃபைனான்ஸ் செய்யவோ போகிறவருக்கு இது இலாபம். அங்கேயே வேரூன்றப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்கு முன், அந்த 9,000 டாலரைப் பிரித்துப் பாருங்கள். சொத்து வரிக்கும் வீட்டுக் காப்பீட்டுக்கும் எஸ்க்ரோவில் (அவற்றைக் கட்டுவதற்கென வைக்கும் தனிக் கணக்கில்) முன்கூட்டியே போடும் பணம் கட்டணமே அன்று, எந்த வங்கிக்குப் போனாலும் போட வேண்டியதுதான். டெக்சாஸில் டைட்டில் இன்சூரன்ஸ் (சொத்துரிமையில் வில்லங்கம் வந்தால் காக்கும் காப்பீடு) பிரீமியத்தை மாநில அரசே நிர்ணயிப்பதால் அதில் பேரம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதில் வாங்குபவரைக் காக்கும் உரிமையாளர் பாலிசியின் செலவை விற்பவர் தலையில் கட்டுவது இங்கே வழக்கம்தான், கேட்டுப் பாருங்கள். வங்கிகளை ஒப்பிட வேண்டியது லோன் எஸ்டிமேட்டின் இரண்டாம் பக்கத்தின் ‘ஏ’ பகுதியை, அதாவது வங்கி தனக்கென வாங்கும் கட்டணத்தை. நான் மூன்று வங்கிகளின் எஸ்டிமேட்டுகளை ஒரே நாளில் வாங்கி அந்தப் பகுதியை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தபோது 1,400 டாலர் வேறுபாடு இருந்தது.