தேய்மானம் என்ற ஒரு சொல் போதாது: பழைய கால் வைஸுக்கான கலைச்சொற்கள்

உட்லண்ட்ஸிலிருந்து

அன்பர்களே,

கொல்லுப் பட்டறைக் கருவிகளின் சொற்பட்டியலில் 'தேய்மானம்' என்று ஒரே சொல்லைப் போட்டு வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிட்டு இரண்டு மூன்று சொற்களாகப் பிரிக்க வேண்டும்.

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. இப்போது இங்கே பழைய கால் வைஸ் (இரும்பை இரு வாய்களுக்கு நடுவே வைத்துத் திருகி இறுக்கும், தரைவரை கால் இறங்கும் கருவி) தேடுபவர் பெரும்பாலும் கரோசெல் இணையச் சந்தையில்தான் பார்க்கிறார். விற்பவர் 'தேய்மானம் குறைவு' என்று எழுதுகிறார். வாங்கப் போனவர் கைப்பிடியை ஆட்டுகிறார், அது கடகடவென்று ஆடுகிறது, வேண்டாம் என்று வந்துவிடுகிறார். இன்னொருவர் துருவில் இறுகிப்போன திருகைப் பார்த்து, 'ஆட்டமே இல்லை, புதுசு மாதிரி இருக்கு' என்று முப்பது நாற்பது கிலோ இரும்பை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போகிறார். முதலாமவர் விட்டுவந்தது நல்ல வைஸாக இருக்கலாம். இரண்டாமவர் தூக்கிப்போனது குப்பையாக இருக்கலாம். இருவரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள், மரையை, அதாவது திருகின்மேல் சுற்றி ஓடும் பல்லை, பார்க்கவில்லை.

கைப்பிடியைத் திருப்பியும் வாய் அசையாமல் வீணாகப் போகும் சுற்றுக்கு 'வெறுஞ்சுற்று' என்று வைக்கலாமா? ஆங்கிலத்தின் 'backlash' என்ற சொல்லைப் பிய்த்து 'பின்னடிப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். அதைப் படித்தால் யாரோ முதுகில் அடித்ததுபோல் இருக்கிறது.

காக்கி புக்கிட்டிலிருந்து

ஐயா, வெறுஞ்சுற்று நல்ல சொல். ஆனால் அது நோயின் பெயரில்லை, அறிகுறியின் பெயர். அதை மட்டும் பட்டியலில் போட்டால், ஆடுவதெல்லாம் தேய்ந்தது என்ற அதே தப்புக்கணக்கு தமிழில் தொடரும்.

கால் வைஸின் அமைப்பைப் பாருங்கள். பின்வாய் நிலையானது, அதன் கால் தரைவரை இறங்கும். முன்வாய் கீழே ஒரு கீலாணியில் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வில்பட்டை முன்வாயை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். திருகு முன்வாயின் துளை வழியாகப் போய், பின்வாயில் செருகியிருக்கும் குழலுக்குள் மரையேறும். இறுக்கும்போது விசை ஒரே பக்கமாகத்தான் விழும். அதனால் திருகின் மரையில் கைப்பிடியைப் பார்த்த பக்கம் மட்டும் தேயும், மறுபக்கம் அப்படியே இருக்கும். வில்பட்டை எப்போதும் தள்ளிக்கொண்டிருப்பதால் மரையில் இடைவெளி விழுந்திருந்தாலும் வேலை நேரத்தில் அது தெரியாது. ஆடுகிற கால் வைஸ் கெட்டியாகவே பிடிக்கும். ஆபத்து வேறு: மரையின் பல் மெலிந்து மெலிந்து, ஒருநாள் சம்மட்டி அடிக்கு நடுவே மொத்தமாக வழித்துக்கொண்டு போவது. ஆகவே எவ்வளவு ஆடுகிறது என்று கேட்பதைவிட, பல்லில் எவ்வளவு மிச்சம் என்று கேட்பதுதான் வாங்குபவருக்கு உதவும்.

அதை அளக்கலாம். கைப்பிடியைத் திருப்பித் திருகை முழுக்க வெளியே எடுங்கள். குழலைப் பின்வாயின் பின்பக்கமாக உருவிவிடலாம். எடுக்க விடமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம். இரண்டையும் கெரோசினும் கம்பித் தூரிகையும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். பழைய கிரீஸ் மரையிடுக்கில் கெட்டிப்பட்டுக் கிடந்தால் தேய்ந்த பல்லும் தடிமனாகத் தெரியும்.

இந்த வைஸ்களில் இருக்கும் சதுர மரையில் பல்லின் தடிப்பு ஏறக்குறைய மரையிடைத் தூரத்தில் பாதி. ஒரு பல்லின் விளிம்பிலிருந்து அடுத்த பல்லின் அதே விளிம்புவரை 6 மி.மீ. என்றால், புதிதில் பல் 3 மி.மீ. இருந்திருக்கும். திருகின் தலைக்குப் பக்கத்துச் சுற்றுகள், வாய் முழுக்க மூடினால்தான் குழலுக்குள் போகும். அவைதான் குறைவாகத் தேய்ந்தவை. அங்கே ஒரு அளவும் திருகின் நடுவில் ஓர் அளவும் வெர்னியர் காலிப்பரில் எடுங்கள். பல்லின் உச்சியில் வேண்டாம், பாதி உயரத்தில். தலையருகே 2.9, நடுவில் 2.3 என்றால் திருகு இழந்தது 0.6.

குழலின் உட்பக்கத்துக்குக் காலிப்பர் நுழையாது. இங்கேதான் ஆட்டம் பயன்படுகிறது. திருகைக் குழலுக்குள் பாதிவரை ஏற்றி, சுழலவிடாமல் பிடித்து, நெடுக்காக உள்ளே தள்ளுங்கள், வெளியே இழுங்கள். இரண்டு நிலையிலும் திருகின் தலைக்கும் குழலின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தால், வித்தியாசமே ஆட்டம். அது 1.8 என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்தில் மூன்று பங்கு உண்டு: புதிதிலேயே விட்ட இடைவெளி, திருகு இழந்தது, குழல் இழந்தது. முதலாவதற்கு 0.3 ஒதுக்குங்கள். 1.8இல் 0.3ஐயும் 0.6ஐயும் கழித்தால் 0.9. அது குழலின் இழப்பு. குழலில் மிச்சப் பல் 2.1. தாராளமாக வாங்கலாம்.

இதே கணக்கில் ஆட்டம் 3 மி.மீ., திருகின் இழப்பு 0.5 மட்டும் என்று வந்தால் குழல் 2.2 இழந்திருக்கிறது, மிச்சம் 0.8. திருகு பளபளவென்று அழகாக இருக்கும், ஒருவேளை பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம். அழகைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். பல் பாதிக்குக் கீழே, அதாவது 3இல் 1.5க்குக் கீழே போனதை நான் எடுக்கச் சொல்லமாட்டேன்.

கைப்பிடியைச் சுற்றி அளப்பதில் ஒரு பிசகு உண்டு. 6 மி.மீ. மரையில் கால் சுற்று வீணானால் 1.5 மி.மீ. என்று கணக்கு வரும். ஆனால் திருகுத் தலைக்கும் முன்வாய்க்கும் இடையே இருக்க வேண்டிய வாஷர் தேய்ந்தோ தொலைந்தோ போயிருந்தால் அந்த இடைவெளியும் இதில் சேர்ந்துவிடும். வாஷர் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், மரையைப் போட முடியாது. அதனால் வெறுஞ்சுற்று வேறு, நெடுக்காக அளக்கும் ஆட்டம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

தோ பாயோவிலிருந்து

அண்ணன் கணக்கை வைத்துப் பார்த்தால் சொற்கள் தானாகவே வரிசைக்கு வருகின்றன. நெடுக்காக அளப்பது 'நெடுக்காட்டம்'. இழந்தது 'மரைத்தேய்வு'. இருப்பது 'மிச்சப்பல்'. 'எஞ்சிய தடிப்பு' என்று எழுதினால் இலக்கணமாக இருக்கும், பட்டறையில் யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள்.

பாடநூல்களில் மரைக்குப் 'புரி' என்று வருகிறது. 'திருகுப்புரி' என்று சொன்னால் கயிறு திரிப்பவருக்குக்கூடப் புரியும், மெக்கானிக்குக்குப் புரியாது. அவருக்கு அது மரைதான். மரை போச்சு, மரை ஏறலை, ஏன், ஆளையே 'மரை கழன்ற கேஸ்' என்கிறோம். அத்தனை உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புரியைப் பிடித்துத் தொங்குவானேன்? தேய்மானம் என்பதைக் கணக்குப்பிள்ளைகள் தங்கள் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள், அது அங்கேயே இருக்கட்டும்.

'வைஸ்' என்பதை மாற்ற வேண்டாம். இங்கே மலாய்க்காரர் 'ராகும்' என்கிறார், சீனர் 'ஹூ ச்சியென்' என்கிறார், அதாவது புலிக்குறடு. பக்கத்து மேசைக்காரர் புலியைக் கட்டி மேய்க்கும்போது நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை வரும்தான். ஆனால் 'கால்பிடி' என்று மாற்றினால் யார் காலைப் பிடிக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். கால் வைஸ் இருக்கட்டும். எல்லாக் கருவிக்கும் வெளிச்சொல் தேவை என்று சொல்லவில்லை. குறள் 821 காலத்திலிருந்தே பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்) நம்மிடம் இருக்கிறது. இருப்பதை விடக் கூடாது, இல்லாததற்கு அடம் பிடிக்கவும் கூடாது.

ஒரு கேள்வி: குழலுக்குள் டார்ச் அடித்தால் மஞ்சளாகத் தெரிவது என்ன? அதற்கும் சொல் வேண்டுமா?

காக்கி புக்கிட்டிலிருந்து

அக்கா, மஞ்சள் என்றால் பித்தளை. பழைய ஆங்கிலேயக் கால் வைஸ்களில் பலவற்றில் குழலின் உள்ளே மரை வெட்டவில்லை. சதுரக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, உள்ளே இறக்கி, பித்தளைப் பற்றாசு வைத்து ஒட்டினார்கள். அதில் கெடும் விதமே வேறு. பல் தடிமனாகவே இருக்கும், ஆனால் ஒட்டு விட்டுப்போய்ச் சுருள் மொத்தமும் குழலுக்குள் அசையும். அதை அளவு காட்டிக்கொடுக்காது. வளைந்த கம்பியொன்றை உள்ளே விட்டு, ஒரு பல்லில் மாட்டி இழுத்துப் பாருங்கள். அசைந்தால் அதுதான் உண்மையான மரை கழன்ற கேஸ். 'மரைத்தேய்வு' என்று அதை எழுதக் கூடாது, 'சுருள் கழற்சி' என்று தனியாக எழுதலாம்.

டார்ச் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படுவது குழலின் வாயோரம் மட்டும். பளு அதிகம் ஏறுவதும் அங்கேதான், சூடான இரும்பிலிருந்து உதிரும் உலைச்செதில் விழுந்து எண்ணெயோடு குழைந்து அரைப்பதும் அங்கேதான். ஆகவே வாயோரம் மோசம் என்றால் உள்ளேயும் அவ்வளவு மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். குச்சியின் நுனியில் பிளாஸ்டிசின் அப்பி, உள்ளே விட்டு, பக்கவாட்டில் அழுத்தி, திரும்பவும் விலக்கி, பதிந்தது வழியாமல் வெளியே எடுத்தால் பல்லின் அச்சு விழும். சதுரப் பள்ளம் விழுந்தால் நல்லது. ரம்பப்பல்போல ஒரு பக்கம் சாய்ந்து கூராக விழுந்தால் கெட்டது.

நம் ஊர் ஈரக்காற்றில் துரு நிச்சயம். மேலே குழி குழியாக இருப்பது தேய்வு அல்ல, பல்லின் விளிம்பு சதுரமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஜூரோங்கிலிருந்து

மரையிலேயே நின்றுவிட்டீர்கள், வாயை மறந்துவிட்டீர்கள்.

முன்வாய் கீலில் ஆடுவதால் அது நேராக நகராது, வில்போல வளைந்து வரும். இரண்டு வாய்களும் ஒரே ஒரு அகலத்தில்தான் இணையாக நிற்கும். முழுக்க மூடினால் மேல்விளிம்பு முதலில் முட்ட வேண்டும், கீழே மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிய வேண்டும். இதைக் கோணல் என்று நினைத்து அரத்தால் சமப்படுத்தியவர்கள் உண்டு, அது கெடுத்த வேலை. மாறாகக் கீழே முட்டி, மேலே இடைவெளி விட்டால் விளிம்பு அடிபட்டு உருண்டிருக்கிறது. மெல்லிய தகடு நிற்காமல் நழுவும்.

பக்கவாட்டில் வாய் விலகியிருந்தால் கீலாணியைப் பாருங்கள். அங்கே அரை மி.மீ. தளர்ச்சி இருந்தாலும் மேலே வாயில் பல மடங்காகத் தெரியும். ஆணியை இறுக்கி, இரு பக்கமும் வாஷர் செருகினால் சரியாகிறதென்றால் விலை பேசலாம். இறுக்கியும் விலகல் அப்படியே நின்றால் கால் வளைந்திருக்கிறது, உலையில் வைத்து நிமிர்த்த வேண்டும்.

வில்பட்டை இல்லை, மேசையில் கட்டும் பட்டை இல்லை, ஆப்பு இல்லை என்பதற்காக யாரும் விட வேண்டாம். லாரியின் வில்பட்டையில் வெட்டிக்கொள்ளலாம். திருகு நுழையும் கண்ணைச் சுற்றி விரிசல் இருந்தால் மட்டும் மறுபேச்சு வேண்டாம். உருக்குத் தகட்டை வாயில் பற்றவைத்த கோடும் விரிசலும் ஒன்றுபோலத் தெரியும். கோடு ஒரே தடத்தில் ஓடும், விரிசல் கிளைக்கும்.

அடுக்குமாடி வீட்டில் இதை வைக்க நினைப்பவருக்கு: கால் தரையில் ஊன்றினால்தான் அடி தரைக்குப் போகும். கீழ்வீட்டுக்காரர் கூரைக்கும் போகும். தொழிற்பேட்டையில் தரைத்தள இடம் கிடைக்காமல் இதை வாங்காதீர்கள்.

பட்டியலுக்கு என் பங்கு: வாய்கள் இணையாக நிற்கும் அகலத்துக்கு 'இணைவாய் அகலம்'.

உட்லண்ட்ஸிலிருந்து

வெறுஞ்சுற்று, நெடுக்காட்டம், மரைத்தேய்வு, மிச்சப்பல், சுருள் கழற்சி, இணைவாய் அகலம் ஆகிய ஆறையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். மரைத்தேய்வின் விளக்கத்தில் 'ஒரு பக்கம் மட்டும்' என்பதைச் சேர்த்திருக்கிறேன், நெடுக்காட்டத்தின் கீழே அண்ணனின் கழித்தல் கணக்கை அப்படியே போட்டிருக்கிறேன்.

திருகு நுழையும் குழலுக்கு 'மரைப்பெட்டி' என்று ஒருவர் முன்பே பதிந்திருக்கிறார். ஆங்கிலத்தில் பெட்டி என்கிறார்கள் என்பதைத் தவிர அதில் பெட்டி எதுவும் இல்லை. 'மரைக்குழல்' என்று மாற்றுகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.